சித்தப்பாவின் புதரும் என் பூச்சிகளும்

என் அண்ணனின் முகத்தைக் கிழித்தது ஒரு கரடி. அந்தக் கரடியைக் கொல்ல வேண்டும் என்று ஊரில் எல்லோரும் பேசினார்கள். எனக்குக் கரடியின் மேல் கோபம் வரவில்லை. குட்டியோடு பழம் தின்றுகொண்டிருந்த விலங்கின் முன்னால் திடீரென்று ஒரு மனிதன் வந்து நின்றால் அது என்ன செய்யுமோ அதைச் செய்தது. என் கோபமெல்லாம் அது மறைந்திருந்த புதரின் மேலும், அந்தப் புதரை யாரையும் வெட்டவிடாமல் வளர்த்த என் சித்தப்பாவின் மேலும்தான்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில், அமிர்திக்கு மேலே, நடந்து மட்டுமே போகக்கூடிய ஒரு சிற்றூரில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அண்ணன்தான் என்னை வளர்த்தார். கீழே விடுதிப் பள்ளியில் சேர்த்து, பள்ளி இறுதி வகுப்புவரை படிக்க வைத்தார். எங்கள் ஊரில் அவ்வளவு படித்த பெண் அப்போது நான் ஒருத்திதான். படிப்பு முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டில் இருந்த காலத்தில் இது நடந்தது.

சித்தப்பா அப்பாவுக்குப் பங்காளி முறையில் தம்பி. அவருடைய நிலமும் எங்கள் நிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டுக்கும் நடுவே ஊர்ச் சுனைக்குப் போகும் பாதை. பாதையின் ஓரமாக, ஆடு மாடு நுழையாமலிருக்க அவர் உண்ணிச்செடியை வேலியாக விட்டிருந்தார். உண்ணிச்செடி வேலியாக நிற்காது. கொஞ்சம் வெயிலும் கொஞ்சம் மழையும் கிடைத்தால் நடக்க ஆரம்பித்துவிடும். மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து, கறுப்புப் பழம் பழுத்து, பறவை தின்று எச்சமிட்ட இடமெல்லாம் முளைக்கும். தண்டில் சின்னச் சின்ன முள். ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் ஆள் நுழைய முடியாது. சில வருஷங்களில் அந்த வேலி ஆளுயரத்தைத் தாண்டிய புதராகிப் பாதையின் மேல் கூரை போட்டது. சுனைக்குப் போகிறவர்கள் குனிந்து, ஒரு குகைக்குள் போவதுபோலப் போகவேண்டியிருந்தது.

அதைச் சித்தப்பா வேண்டுமென்றேதான் விட்டுவைத்தார். புதர் படர்ந்த இடத்தில் யாரும் நடக்கமாட்டார்கள். யாரும் நடக்காத இடத்தில் மறுவருஷம் அவர் ஏரைத் திருப்புவார். பாதையின் பாதி அப்படித்தான் போனது. எங்கள் சாமைக் காட்டின் ஓரமும் அப்படித்தான் கரைந்தது. அண்ணன் அரிவாளை எடுத்துக்கொண்டு போன ஒருமுறை, தன் பட்டா நிலத்தில் அரிவாள் வைத்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன் என்று அவர் ஊர் கேட்கச் சத்தம் போட்டார். அண்ணன் சண்டைக்குப் போகிறவர் இல்லை. திரும்பி வந்துவிட்டார்.

புரட்டாசியில் பழம் பழுத்திருந்தது. விடிந்து சற்று நேரத்தில் அண்ணன் குடத்தோடு சுனைக்குப் போனார். அண்ணி அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். நான் வாசல் பெருக்கினேன். ஒரு சத்தம் கேட்டது. மனிதச் சத்தமா விலங்குச் சத்தமா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அண்ணன் புதருக்குள்ளிருந்து வெளியே வந்தார். தோள் துண்டை இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டு, யாரோ கூப்பிட்டதற்கு வருவதுபோல நிதானமாக நடந்துவந்தார். துண்டு முழுக்கச் சிவப்பு. அண்ணி அந்தத் துண்டை எடுக்கப் போனபோது அவர் எடுக்கவிடவில்லை.

கயிற்றுக் கட்டிலில் கிடத்தி அமிர்திவரை தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அங்கிருந்து வேலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். உயிர் தங்கியது. இடது கண் போய்விட்டது. கன்னத்திலிருந்து உதடுவரை தையல். மூக்கு ஒரு பக்கம் இல்லை. பேசினால் சொல் காற்றாக ஒழுகியது. ஊருக்குத் திரும்பிய பின் அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டே இருந்தார். சாப்பிடும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். அண்ணி நெல்லிவாசல்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், அதிகம் பேசமாட்டார். அவரும் தட்டை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வார், அண்ணனுக்குக் கூச்சமாக இருக்கக்கூடாது என்று.

பார்க்க வந்தவர்களில் கடைசியாக வந்தவர் சித்தப்பா. வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினார். அந்தப் புதரை இனிமேலாவது வெட்டலாமா என்று அண்ணி கேட்டார். அண்ணி அவரிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை.

அதற்குச் சித்தப்பா சொன்னார்: "கரடி அடிச்சதுக்கு நான் இன்னாம்மா பண்றது? என் பொதருக்குள்ள அவன யாரு போவச் சொன்னது?"

பொதுப் பாதையை என் புதர் என்றார். அண்ணன் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டது. நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். இந்த மனிதன் வாயாலேயே அந்தப் புதர் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அதை நான் பார்க்க வேண்டும் என்று அப்போது தோன்றியது. எப்படி என்று தெரியாது. அந்த எண்ணத்தோடுதான் தினமும் எழுந்தேன், அதோடுதான் படுத்தேன். அது எனக்குத் தெம்பாக இருந்தது.

தையல் காயத்துக்கு மருந்து வைக்க அண்ணனை அடிக்கடி வேலூருக்கு அழைத்துப் போகவேண்டியிருந்தது. மார்கழியில் ஒருநாள், திரும்பும் வழியில் அமிர்தியில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் மலையேறுமுன் சற்றுக் கண்ணயர்ந்தார். ரோட்டோரம் வெயில் படும் மேட்டில் உண்ணிச்செடிகள் இருந்தன. பகையாளியைப் பார்ப்பதுபோல அவற்றைப் பார்த்தேன். ஏதோ மாதிரி இருந்தன. மற்ற இடத்தில் பச்சையாக இருக்கும் இலை இங்கே சாம்பல் பூத்து, விளிம்பு சுருண்டு, யாரோ சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்ததுபோல வெளிறியிருந்தது. பூ மொட்டுகள் விரியாமலே கருகியிருந்தன. ஓர் இலையைத் திருப்பினேன்.

அடிப்பக்கம் முழுக்க உயிர் இருந்தது. எள்ளைவிடச் சற்று நீளமான, பழுப்பு நிறப் பூச்சிகள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தால், இறக்கையும் முதுகும் சல்லாத் துணியைப்போலக் கண்ணி கண்ணியாக, நூல் பின்னியதுபோல இருந்தன. அவ்வளவு அழகான வேலைப்பாட்டை நான் எந்தச் சேலையிலும் பார்த்ததில்லை. அவற்றின் நடுவே இறக்கை முளைக்காத குஞ்சுகள், உடம்பெல்லாம் முள்ளாக, கூட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தன. இலையெங்கும் கறுப்புப் புள்ளிகளாக அவற்றின் எச்சம்.

அந்தப் பக்கமாக வந்த காட்டிலாகா ரேஞ்சர், நான் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு நின்றார். அது கண்ணாடி இறக்கைப் பூச்சி என்றார். செடி வெள்ளைக்காரர்கள் தோட்டத்து அழகுக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. அது காட்டையே விழுங்க ஆரம்பித்ததும், அதை ஒழிக்க இந்தப் பூச்சியையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று சொன்னார்.

"ஒழிஞ்சுதாங்க?" என்று கேட்டேன்.

"எங்க ஒழிஞ்சுது? கோடையில மொட்டையடிக்கும். மழ பேஞ்சா திரும்பத் துளுத்துக்கும். ஒண்ணுத்துக்கும் ஒதவாத பூச்சிம்மா."

அவர் போனதும் அண்ணனின் மருந்துப் பையிலிருந்து துணியை எடுத்து, பூச்சி மொய்த்த கொப்புகளை ஒடித்துச் சுற்றிக் கட்டினேன். கோடையில் மொட்டையடித்தால் எனக்குப் போதும். சித்தப்பா அரிவாள் வைக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். பூச்சி வைக்கக்கூடாது என்று எந்த ஸ்டேஷனிலும் சொல்ல முடியாது.

முதல் தடவை தோற்றேன். யார் கண்ணிலும் படாமலிருக்க, கொப்புகளைப் புதரின் உள்பக்கம், சுனையின் ஈரம் அடிக்கும் நிழலில் செருகிவிட்டு வந்தேன். மார்கழிப் பனி இலையிலிருந்து சொட்டும் இடம் அது. சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. சிலந்தி வலையில் காய்ந்த கூடுகள் மட்டும் தொங்கின. எனக்கு அழுகை வந்தது. அழுதுவிட்டு, ஏன் செத்தன என்று யோசிக்க ஆரம்பித்தேன். அமிர்தியில் அவை இருந்தது வெயில் மேடு. நிழலில் இருந்த செடிகளில் ஒன்றும் இருக்கவில்லை. மேலும், பூவும் மொட்டும் இருந்த கொப்பில்தான் அதிகம் மொய்த்திருந்தன. நான் அவசரத்தில் அதையெல்லாம் கவனிக்கவில்லை.

தையில் மறுபடி மருந்துக்குப் போனபோது நிறையக் கொண்டுவந்தேன். இந்த முறை நேராகப் புதருக்குப் போகவில்லை. எங்கள் கொல்லையில் வெயில் படும் மூலையில் தானாக முளைத்திருந்த ஓர் உண்ணிச்செடியில் விட்டேன். அண்ணி அதை வெட்ட வந்தபோது வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. காலையும் மாலையும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்ப்பேன். தாய்ப்பூச்சி இலையின் அடியில் நடு நரம்பைப் பிடித்துக்கொண்டு, முட்டையை நரம்புக்குள்ளேயே செருகிவிடும். வெளியே ஒரு சின்ன மூடி மட்டும் தெரியும். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். குஞ்சு வெளியே வந்ததும் தனியாகப் போகாது. கூடப்பிறந்தவற்றோடு நெருக்கியடித்துக்கொண்டு, ஊசி போன்ற வாயை இலைக்குள் இறக்கிச் சாற்றை உறிஞ்சும். சட்டை உரிக்கும், மறுபடி உறிஞ்சும். ஒரு மாதத்துக்குள் இறக்கை முளைத்து அடுத்த கொப்புக்குப் போய்விடும். இலையைக் கடித்துத் துண்டாக்காது. ஓட்டை போடாது. இலை இருந்த இடத்திலேயே இருக்கும். உள்ளே பச்சை மட்டும் போய்விடும். அப்படியொரு பழிவாங்கல்தான் எனக்கும் பிடித்திருந்தது.

என் பழி ஒரே ஒருவர் மேல்தான். ஊரார் காட்டில் பூச்சி விழுந்தால் அது பாவம். அதனால் சட்டிகளில் ஒவ்வொரு தழையாகப் போட்டு, பூச்சிகளை விட்டு, மேலே மெல்லிய துணியால் கட்டிவைத்துப் பார்த்தேன். அவரைத் தழை, கத்தரித் தழை, எள்ளுச் செடி, புளியந்தழை என்று கையில் கிடைத்ததெல்லாம் வைத்தேன். வாயை வைத்துப் பார்த்தன. பிறகு சட்டியின் ஓரத்தில் ஏறி ஏறி இறங்கி, பட்டினி கிடந்து செத்தன. உண்ணிச்செடித் தழை போட்ட சட்டியில் மட்டும் குஞ்சுகள் சட்டை உரித்தன. அதற்குப் பிறகு எனக்குத் தயக்கமே இல்லை.

மாசியில், தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் இடுப்பில் குடமும் முந்தானையில் கொப்புகளுமாகப் போனேன். புதரின் மேற்குப் பக்கம், பொழுது சாயும்வரை வெயில் காயும் இடங்களில், பூத்திருக்கும் நுனிகளாகப் பார்த்துச் செருகினேன். சித்தப்பா தன் களத்திலிருந்து என்னைப் பார்த்திருக்கிறார். பூப்பறிக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

பங்குனியில் புதரின் நுனிகள் வெளிறின. பிறகு அது தீ பரவுவதுபோலப் பரவியது. தை வெயிலில் ஒன்றாக இருந்தது மாசியில் பலவாகி, பங்குனியில் கணக்கற்றுப் போனது. சித்திரையில் புதர் மொட்டையாக நின்றது. இலை உதிர்ந்து கீழே சருகாகக் கிடந்தது. வெறும் முள்ளும் குச்சியும். கரடி ஒளிந்த குகைக்குள் வெயில் விழுந்தது. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல இருந்தது.

தின்ன இலை இல்லாமல் போனதும் பூச்சிகள் கிளம்பின. புதருக்கு அடுத்தாற்போல இருந்தது சித்தப்பாவின் வீடு. அவர் வீட்டுச் சுவரில், காயப்போட்ட வேட்டியில், சோற்றுத் தட்டில் எல்லாம் வந்து உட்கார்ந்தன. அவர் உடம்பில் உட்கார்ந்து ஊசி வாயால் குத்தியும் பார்த்தன. அவருடைய புளியமரங்களில் அப்போதுதான் கொழுந்து விட்டிருந்தது. அந்த மரங்கள்தான் அவருக்குப் பெருமை. அந்தக் கொழுந்திலும் பூச்சிகள் ஏறின. மொட்டையாக நின்ற புதரையும் கொழுந்தில் ஏறும் பூச்சியையும் மாறி மாறிப் பார்த்து அவர் பயந்துபோனார்.

எங்கள் வாசலுக்கு வந்தார். படித்த பெண் என்பதால் என்னைத்தான் கேட்டார். உள்ளங்கையில் ஒரு பூச்சியை வைத்து நீட்டினார்.

"இன்னா பூச்சிம்மா இது? புளிய மரத்துக்கு வந்துருமா?"

வராது என்று எனக்குத் தெரியும். சட்டியில் பட்டினி கிடந்து செத்ததை என் கண்ணால் பார்த்திருந்தேன். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சித்திரை வெயிலில் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது.

"பொதர இன்னா பண்ணி வெச்சிருக்குதுன்னு பாத்தீங்க இல்ல சித்தப்பா? பசியில எங்க போவும்னு யாரு கண்டது?" என்றேன்.

"இன்னா பண்ணலாம்?"

"அது குடியிருக்கிறது அந்தப் பொதர்லதான்."

மறுநாளே ஆட்களை வைத்து அவர் புதரை வெட்ட ஆரம்பித்தார். இலை இல்லாத குச்சி என்பதால் வெட்டுவது சுலபமாக இருந்தது. தானும் அரிவாளோடு இறங்கினார். வேரை விட்டால் பூச்சி மறுபடி வரும் என்று அவரே முடிவுசெய்து, கடப்பாறை போட்டு வேரையும் தோண்டினார். குவித்துத் தீ வைத்தார். முள் கிழித்த அவர் கையிலும் காலிலும் ரத்தம் கோடு கோடாக இருந்தது. நான் தண்ணீருக்குப் போகிற சாக்கில் நாளெல்லாம் அந்த வழியாகப் போனேன், வந்தேன். ஒவ்வொரு தடவையும் நின்று பார்த்தேன்.

புகை அடங்கிய பின் கல் தெரிந்தது. அப்பா காலத்தில் பாகம் பிரித்தபோது நட்ட எல்லைக்கற்கள், சாம்பலுக்கு நடுவே வரிசையாக நின்றன. சித்தப்பா உழுதுகொண்டிருந்த நிலத்துக்குள் வெகுதூரம் தள்ளி நின்றன. ஊர்ப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். கல்லைப் பார்த்தார்கள், சித்தப்பாவைப் பார்த்தார்கள். கல்லோடு கல்லாகக் கயிறு பிடித்து, பாதையைப் பாதை என்றும் எங்கள் காட்டை எங்கள் காடு என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். சித்தப்பா தன் கையால் வெட்டித் திறந்த இடம் அது.

ஆனியில் மழை வந்தது. சரிவில் வேறு இடங்களில் இருந்த உண்ணிச்செடிகள் ரேஞ்சர் சொன்னதுபோலவே துளிர்த்தன. பூச்சிகளை மழை அடித்துக்கொண்டு போனது. புளியமரங்களில் ஓர் இலைகூட வெளிறவில்லை. ஒருநாள் சித்தப்பா மறுபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் கொல்லை மூலையில் கோடையில் மொட்டையாக நின்ற உண்ணிச்செடியைப் பற்றி யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

"நீதான் கொண்ணாந்து வுட்டியா?"

"ஆமா, சித்தப்பா."

"புளிக்கு வராதுன்னு ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அதற்குள் அண்ணன் உள்ளேயிருந்து வந்தார். பேச்சு முழுவதும் அவர் காதில் விழுந்திருக்கிறது. வாசல்படியில் நின்று, முகத்தை மூடியிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். மழை நின்ற வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது. சித்தப்பா அந்த முகத்தை அதுவரை பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரால் பார்க்க முடியவில்லை. திரும்பிப் போய்விட்டார்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தார். அண்ணியும் வெளியே போகவில்லை. நான் செய்தது சரியா தவறா என்று அண்ணன் சொல்வார் என்று காத்திருந்தேன். இரண்டில் எதையும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. இந்த வருஷம் அந்த ஓரத்திலும் சாமை போடலாம் என்று மட்டும், ஒழுகும் சொற்களில் அண்ணியிடம் சொன்னார்.

அடுத்த வருஷம் எனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்து மலையை விட்டு இறங்கினேன். பிறகு கலசப்பாக்கம் பக்கம் பள்ளியில் வேலை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பா வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் என்னைக் கண்டால் உள்ளே போய்விடுவார். எண்பதுகளின் நடுவில் அவர் செத்தபோது, முறைக்காகப் போனேன். பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். என்னையும் கட்டிக்கொண்டார்கள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. வரவைக்க நான் முயலவும் இல்லை. அண்ணன் வெளியே ஆண்களோடு, முகம் மூடாமல், பாடை கட்ட மூங்கில் பிளந்துகொண்டிருந்தார்.

செத்தவர் மேல் இன்னுமா கோபம் என்று என் வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். ஆமாம் என்றேன். அவர் என் அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டார், அண்ணன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், கஞ்சி உதட்டின் கிழிசல் வழியாகக் கழுத்துக்கு வழிந்தது. நான் எழுந்துபோய்த் துடைத்துவிட்டேன்.